பிரிக்காத கட்டு

அம்பாசமுத்திரத்தில் நெல் தரகு செய்யும் ஞானசம்பந்தன், சீட்டாட மெட்ராசுக்குப் போவோம் என்று மனைவியைக் கூப்பிட்டபோது பிரம்மநாயகிக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பாபநாசம் அருவிக்குக் கூட்டிப்போகவே ஆயிரம் சாக்குச் சொன்ன மனிதர் அவர்.

கல்யாண வீடுகளில் பெண்கள் கூடி மூணு சீட்டு ஆடினால் பிரம்மநாயகியை ஜெயிக்க ஆளில்லை. கையில் இருப்பது ராஜாவா ரெண்டா என்று அவள் முகம் காட்டிக்கொடுத்ததே இல்லை. "பொம்பளைக்கு என்னளா சூதாட்டம்?" என்று அதற்காக அவளிடம் முறைத்துக்கொண்டு திரிந்தவரும் இதே ஞானசம்பந்தன்தான்.

"கீழ்ப்பாக்கத்துல ஒரு குவாரி முதலாளி பங்களா. புருசன் பொஞ்சாதியா உக்காந்துதான் ஆடுவாங்களாம். நீ வந்தா எனக்கும் கௌரவம்," என்றார் இப்போது.

வேன் சத்தியநேசனுடையது. வள்ளியூர்க்காரன். கணவருக்குச் சமீபத்தில்தான் பழக்கம். ஆனாலும் வாய்க்கு வாய் "மதினி, மதினி" என்பான். அவன் மனைவி வரவில்லை. "அவளுக்கு சீட்டுன்னாலே ஆகாது மதினி," என்றான்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பாலத்தைத் தாண்டியதும் ஞானசம்பந்தன் கண்ணாடித்தாள் சுற்றிய சீட்டுக்கட்டு ஒன்றை நீட்டினார். "புதுசு. உன் பையில வச்சுக்கோ. அங்கன போனதும் உன் கையாலயே எடுத்துக் குடு."

"ஏன், உங்க பையில இடமில்லையா?"

"பொம்பள கையால தொடங்குனா ராசி மதினி," என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான் சத்தியநேசன். கணவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதுரையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். ஆண்கள் இருவரும் தள்ளி நின்று குசுகுசுவென்று பேசினார்கள். அவள் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிட்டது.

"மழை வருமான்னு பேசுதோம்," என்றார் கணவர். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

அதன்பிறகு அவளால் சும்மா உட்கார முடியவில்லை. கையைப் பைக்குள் விட்டு, சீட்டுக்கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கண்ணாடித்தாளின் மடிப்பில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. பசை. கடையில் வாங்கிய கட்டில் பசை எப்படி வழியும்?

திருச்சியில் சாப்பிட இறங்கியபோது, ஹோட்டல் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தாள். எல்லாச் சீட்டின் முதுகிலும் ஒரே சிவப்புப் பூ. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஆசுகளில் மட்டும் ஓர் இதழ் மையால் நிரப்பியிருந்தது. ராஜாக்களில் வேறோர் இதழ், ராணிகளில் இன்னொன்று.

திருட்டை விடவும் அந்தப் பை விஷயம்தான் அவளைச் சுட்டது. மாட்டிக்கொண்டால் கட்டு யார் பையிலிருந்து வந்தது என்றுதானே கேட்பார்கள்? அதை யோசித்துத்தானே மனுஷன் தன் கையால் நீட்டியிருக்கிறார்?

கட்டைக் கைதுடைக்கிற காகிதங்களோடு குப்பைத்தொட்டியில் போட்டாள். எதிரே ஒரு பேன்சி கடை. அங்கே அதே சிவப்பு முதுகுக் கட்டு தொங்கியது.

"எங்களா போயிட்ட?" என்றார் ஞானசம்பந்தன், அவள் வேனில் ஏறும்போது.

"தலைவலி. மாத்திரை வாங்குனேன்."

கீழ்ப்பாக்கம் பங்களாவில் ஞாயிறு மதியம் எல்லாரும் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். "ஊர்லருந்து புதுசா கொண்டாந்திருக்கேன்," என்று பிரம்மநாயகி கட்டை நடுவில் வைத்தாள். முதலாளியின் மனைவியே பிரித்துக் குலுக்கினாள்.

முதல் ஆட்டத்திலேயே கணவரின் கண் அடுத்தவர் சீட்டுகளின் முதுகில் மேய்ந்தது. எதுவும் கிடைக்காமல் தவித்தது. சத்தியநேசன் கண்ணைக் கசக்கிக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தான்.

"கண்ணு உறுத்துதா தம்பி? விளக்கு போடச் சொல்லட்டா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"வேண்டாம் வேண்டாம்," என்று பதறினான். கொஞ்ச நேரத்தில் வயிறு சரியில்லை என்று எழுந்து வெளியே போய்விட்டான்.

கடைசி ஆட்டத்தில் எல்லாரும் கழன்றுகொள்ள, அவளும் கணவரும் மட்டும் மிஞ்சினார்கள். அவள் கையில் ஏழு, நாலு, ரெண்டு. அதுவும் ஒவ்வொன்றும் ஒரு ஜாதி. பந்தயத்தை ஏற்றினாள். அவர் அவள் சீட்டுகளின் முதுகைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் ஏற்றினாள்.

ஞானசம்பந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்தார். பக்கத்திலிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜோடி ராணிய வச்சுக்கிட்டா விட்டுட்டீங்க?" என்று அதிசயப்பட்டார். பிரம்மநாயகி தன் சீட்டுகளைக் கட்டுக்குள் செருகிவிட்டாள்.

திரும்பும்போது சத்தியநேசன் மதினி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. செங்கல்பட்டு தாண்டி ஞானசம்பந்தன் பைய வாயைத் திறந்தார்.

"ஏளா, நான் குடுத்த அந்தக் கட்டு..."

"ஆமா. அதுக்கென்ன?"

எதைக் கேட்டாலும் அவர் தான் செய்ததைத் தானே சொன்னதாகிவிடும். பிரம்மநாயகி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாய்ந்தாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் கணவர் தூங்கவே இல்லை. அவள் கொஞ்சம் அசைந்தாலும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.