வாயில் ஒதுக்கிய மாத்திரைகள்

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்து டிஸ்பென்சர் ஆளுக்கொரு புழு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். விழுங்கினால் தலை சுற்றும், அன்றைக்குப் பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் நிறை குறையும் என்று பெண்களுக்குப் பயம். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, மலையேறும் வழியில் துப்பிவிடுவார்கள். அந்த வளைவில் மீனம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"என்னாடி, இத்தன புழு மாத்திரை, லயத்துல கோழிப் பண்ணை வச்சிருக்கியா?" என்றாள் பேச்சியம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். மீனம்மாவும் சிரித்துவைத்தாள். அண்ணன் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள். எச்சில் பட்டுப் பாதி கரைந்தவற்றைக்கூட விடாமல் பொறுக்கி, வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் காயவைத்தாள். மறுநாள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்து வீடுகளுக்கும் போய்க் கேட்டு வாங்கிவந்தாள்.

அவள் புருஷன் யோகேஸ்வரன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் ஆறு வருஷம் வேலை செய்தவன். விடாத காய்ச்சலோடு திரும்பி வந்தான். கண்டி கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். மீனம்மாவுக்கு இல்லை என்று வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் இன்னமும் வெட்கப்பட்டாள். எப்படி வந்தது என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான்.

அவன் வயிற்றில் கொக்கிப்புழுவும் இருந்தது. யாழ்ப்பாணத்து டாக்டர் யசோதினி பொறுமையாக விளக்கினார். உடம்புக்குக் காவலிருக்கும் அணுக்களைப் புழு ஓயாமல் சீண்டுமாம். சீண்டப்பட்ட அணுக்களுக்குள் இந்த நோய் இன்னும் வேகமாகப் பெருகுமாம். சோதனைக் கணக்கில் ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய அந்த அணுக்கள் அவனுக்கு நூற்றெண்பதுதான் மிச்சம். இது இரண்டாயிரமாம் ஆண்டு, நோயை அடக்கும் மருந்து இங்கே இன்னும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, புழுவையாவது முதலில் போக்குவோம் என்றார். புழு போனால் நோய் போய்விடாது என்றும் சொன்னார். மீனம்மாவின் காதில் அது மட்டும் ஏறவில்லை. நோயைத் தொட அவளால் முடியாது. புழுவை முடியும்.

அதனால் தினமும் விடியலில், பால் விடாத சாயத் தண்ணியோடு ஒரு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"டாக்டரம்மா ஒன்னுதானே தந்தாங்க?"

"இது தெம்புக்கு. போடுங்க."

அவன் மாத்திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், விழுங்கினான். வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நாக்கின் அடியில்கூட இல்லை என்று பார்த்த பிறகே அவள் பெரட்டுக்கு ஓடுவாள். நாளாக ஆக அவனுக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. சாகிற புழு முரண்டு பிடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துக் கண்டிக்குப் போனார்கள். டாக்டர் தாளைப் புரட்டினார்.

"புழு ஒண்டும் இல்லை."

மீனம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஊரெல்லாம் எச்சில் பொறுக்கினாள்.

"ஆனா அந்தக் காவல் அணுக்களின்ர எண்ணிக்கை அறுபதுக்கு இறங்கிட்டுது. மற்ற வெள்ளை அணுக்களும் நல்லாக் குறைஞ்சிருக்கு. நோய் மட்டும் இப்பிடிச் செய்யாது." டாக்டர் யோகேஸ்வரனைப் பார்த்தார். "வேற ஏதும் குளிசை, மாத்திரை குடிச்சனீங்களே? புழுக் குளிசையக்கூட அளவுக்கு மிஞ்சிக் குடிச்சா இரத்தம் ஊறுறது நிண்டுபோகும்."

அவன் வயிற்றில் புழு இருந்தவரை, பழியைச் சுமக்க ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"இல்லீங்க டாக்டரம்மா," என்றான் யோகேஸ்வரன். குரலில் பிசிறே இல்லை. "ஒன்னும் போடல. நீங்க தந்தது மட்டுந்தான்."

அப்போதுதான் மீனம்மாவுக்குப் புரிந்தது. அது என்ன மாத்திரை என்று அவனுக்கு முதல் நாளே தெரியும்.

"பொய் சொல்றாரு," என்றாள். "நான்தான் குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. எத்தனை என்று மட்டும் கேட்டார்.

கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்தது. மறு கையும் முடிந்தது. மறுபடி முதல் கைக்கு வந்தாள். யோகேஸ்வரன் எட்டி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டான். உள்ளே அவள் விரல்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தன.