கண் அசந்த இடம்

மகளும் அப்பாவும் சோபாவைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவார்கள். கூடத்தில் இடம் வேண்டும். பியானோ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"தூக்கி வைப்பா. இழுத்தா தரை கீறும்."

"கீறட்டும். திட்டத்தான் ஆள் இல்லையே."

சொல்லிவிட்டு அவர் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவர் தூங்கவில்லை. தூக்க மாத்திரையும் பலிக்கவில்லை. நேற்று அம்மா போன பிறகு அழவும் இல்லை. இவரும் படுத்த படுக்கையாகிவிடுவாரோ என்ற பயத்தில் மகள் தன் அழுகையைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

அம்மாவின் மாணவர்கள் இருவர் வாத்தியங்களோடு வந்தார்கள். வயலின்காரியின் மூக்கு சிவந்திருந்தது. பெரிய வயலின்போன்ற செல்லோவைத் தூக்கி வந்தவன்தான் பேசினான்.

"சார், டீச்சர் கடைசியா எழுதினதை இன்னைக்கு அவங்க முன்னால வாசிக்கலாம்னு இருக்கோம். ஆனா ரெண்டு முடிவு எழுதி வச்சிருக்காங்க. எதுன்னு சொல்லல."

"என்னைக் கேட்டா? எனக்கு ஸ்டியரிங்தான் தெரியும்."

"நீங்க கேட்டாத்தானே சார் எதுவும் முடிவாகும்."

அது உண்மைதான். எதை எழுதினாலும் அம்மா முதலில், பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பாவை உட்காரவைத்துத்தான் வாசித்துக் காட்டுவாள். அவர் கண் அசந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு அடித்துவிடுவாள். அப்பீலே கிடையாது. "ஆயுசு பூரா ஸ்டியரிங்ல கண்ணு அசராத மனுஷன். இங்க அசந்தா தப்பு என்மேல" என்பாள். கல்லூரியில் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தாள். "அவர் குறட்டையில இருக்கிற தாளம்கூட உன் பாட்டுல இல்லையே" என்று திட்டு வாங்காத மாணவன் இல்லை.

அப்பா பியானோவைப் பார்த்தபடி சொன்னார்: "முதல் பாட்டைத் தூக்கிட்டு அரங்கம் அரங்கமா அலைஞ்சோம். ஒரு மேனேஜர் சொன்னான், உயிரோட இருக்கிறவங்க எழுதினதை நாங்க வாசிக்கிறதில்லம்மான்னு."

அப்பா சோபாவிலிருந்து கையை எடுத்தார்.

"இனிமே அவனுக்கு ஆட்சேபணை இருக்காது."

வயலின்காரி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சரி, வாசிங்க" என்று அப்பா தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் முடிவு படியேறுவதுபோல் உயர்ந்து உயர்ந்து, உச்சியில் பளிச்சென்று நின்றது. பெரிய அரங்குகளில் அவளுக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வகை.

"முழிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அப்பா. "அடுத்தது."

இரண்டாவதில் செல்லோ தாழ இறங்கி, பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரங்களுக்குள்ளேயே தொட்டில்போல் போய்ப் போய் வந்தது. வயலின் எப்போதாவது வந்து தொட்டுவிட்டு விலகியது. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குறட்டை கேட்டுத் திரும்பினாள். அப்பாவின் முகவாய் மார்பில் படிந்திருந்தது.

வாசிப்பு நின்றது.

"அப்ப முதல் முடிவுதான். டீச்சர் சட்டம்" என்று மெல்லச் சொல்லி, செல்லோக்காரன் பியானோமேல் கிடந்த அம்மாவின் பென்சிலை எடுத்தான்.

"இந்த ரெண்டாவதை அம்மா எப்ப எழுதினா?" என்றாள் மகள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. முதல் முடிவே நல்லா இருக்கே, இது எதுக்கு டீச்சர்னு கேட்டேன். வேண்டியிருக்கும்னாங்க."

மகள் அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள்.

"கோடு போட வேண்டாம்."

"அப்ப சாயங்காலம் எதை வாசிக்கிறது?"

"இதையே. இப்பவும் நிறுத்தாதீங்க."

அப்பாவின் மூக்கு நுனிக்கு நழுவியிருந்த கண்ணாடியைக் கழற்றி, பென்சிலோடு பியானோமேல் வைத்தாள். செல்லோ மறுபடி தொடங்கியது. குறட்டை ஓர் அடி பின்தங்கி, பிறகு சேர்ந்துகொண்டது.