அம்மனுக்கு வைத்த முடி

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதினால் தப்பில்லை: தேவநாதன். செஞ்சிக் கடைத்தெருவில் மளிகை வியாபாரம். எதையும் வரிசையாகச் செய்கிற மனுஷன். அந்த வரிசைதான் எங்களுக்கு எமனாக வாய்த்தது.

எங்கள் ஒரே மகள் செந்தாமரை பிறந்த 1960-இல், பீரோக் கதவின் உள்பக்கம் பென்சிலால் தன் ஆசைகளை எழுதி வைத்தார். சொந்தக் கடை, அதற்குக் கரண்ட், ரேடியோ, மாவு மில், மாடி வீடு. எல்லாவற்றுக்கும் கீழே, ‘பாப்பாவுக்கு மலையனூரில் முடி இறக்குவது.’ அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். முதல் முடியை அவளுக்குக் கொடுக்கும்வரை பிள்ளை தலையில் கத்திரி படக்கூடாது. ஊரில் மற்றவர்கள் அதை ஒரு வயதிலேயே முடித்துவிடுவார்கள்.

“மொதல்ல அத்த முடிச்சிடலாங்க” என்றேன்.

“மாடி கட்டிட்டு, கடைத்தெருவையே பஸ்ஸு வெச்சிக் கூட்டினு போயி செய்யணும். நம்ம பொண்ணுக்கு ஏனோதானோன்னா செய்வேன்? வரிசை மாறக்கூடாது லட்சுமி.”

கடை வந்தது, கரண்ட் வந்தது, ரேடியோவும் பாடியது. ஒவ்வொரு வரியையும் அடிக்கும்போது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் கண்ணோ அந்தக் கடைசி வரியிலேயே நின்றது. செந்தாமரைக்கு எட்டு வயதாகி, பின்னல் இடுப்பைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அமாவாசை தோறும் மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் எங்கள் கடையைத் தாண்டித்தான் போகும். ஓர் ஆடி அமாவாசையன்று ஒரு பஸ் வாசலிலேயே நின்றது. மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி இறங்கி வந்து, அங்கே நின்ற செந்தாமரையின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“என்னுது இன்னும் இங்கியே இருக்குதே” என்றாள். அவ்வளவுதான். மறுபடி பஸ் ஏறிவிட்டாள்.

உள்ளே ஓடிச் சொன்னேன்.

“சாமியாடற பொம்பள இன்னாத்தையாவது சொல்லும். மில்லு வரட்டும், அப்பால மாடிதான்” என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐப்பசியில் மில் வந்தது. கடையை ஒட்டிய கொட்டகையில் மோட்டார். அதிலிருந்து அரைக்கும் கல்லுக்கு நீளமாக ஒரு தோல் பெல்ட். அது ஓடும்போது தரையே அதிரும். பெல்ட் பக்கம் பிள்ளையை விடாதே என்று அவரேதான் எச்சரித்தார். முடியைப் பற்றி மட்டும் அவருக்கு யோசனையே வரவில்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்திருந்த செந்தாமரை, ஈரம் காய முடியை விரித்துவிட்டுக்கொண்டு, “நைனா, சோறு சாப்ட வா” என்று கத்தியபடி கொட்டகைக்குள் ஓடினாள். பின்னாலேயே போன நான், அவள் தலை ஒரு பக்கமாக இழுபடுவதைப் பார்த்தேன்.

அவர் சுவிட்சுக்குப் பாய்ந்தார். கரண்டை நிறுத்தியும் பெல்ட் உடனே நிற்கவில்லை. நான் பிள்ளையை மார்போடு அணைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூட்டை பிரிக்கிற கத்தியால் பெல்ட்டில் சிக்கிய முடியை வெறி பிடித்தவள் மாதிரி அறுத்தேன். அறுபட்ட கூந்தல் பெல்ட்டோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து எங்கள் காலடியில் விழுந்தது.

காதுக்கு மேலே தோல் கிழிந்திருந்தது. தையல் போட மீதி முடியையும் மழிக்க வேண்டும் என்றார் டாக்டர். உயிர் தப்பியதே பெரிது. அம்மன் காத்தாளா, கேட்டு வாங்கினாளா என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அவர் பீரோவைத் திறந்தார். ‘மாடி வீடு’ இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது. முதல் தடவையாக வரிசையைத் தாண்டி, கடைசி வரியின் மேல் பென்சிலை வைத்தார்.

“எப்பிடியோ முடி எறங்கிடுச்சி இல்ல லட்சுமி?” என்றார், என் பக்கம் திரும்பாமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பென்சிலைப் பிடுங்கினேன்.

“நாம எங்க குடுத்தோம்? அவளா வந்து எடுத்துக்கினா!”

கட்டுப் போட்ட மொட்டைத் தலையோடு பாயில் படுத்திருந்த செந்தாமரை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மறுபடியும் முடி வளந்தா, அந்த மஞ்சப் பொடவக்காரம்மா திரும்பி வருமா நைனா?”