பெண்கள் நேரம்

அக்கா நகராட்சியின் நிதி ஆலோசகர். தங்கை அதே நகராட்சியில் உறுப்பினர். ஊருக்குள் அக்காவுக்கு இருந்த பெயரோ ‘மெம்பரோட அக்கா’. மாய்ந்து மாய்ந்து படித்த படிப்பெல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிப்போயிருந்தது.

நகராட்சி நீச்சல் குளத்தில் மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு இலவசம். அந்த நேரத்தை ஒரு பயிற்சி நிறுவனம் குத்தகைக்குக் கேட்டது. கொடுக்கக் கூடாது என்பதுதான் அக்காவின் எண்ணமும். அதைச் சொல்லத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தாள். தங்கை முந்திக்கொண்டாள்.

“முட்டி தேஞ்சவங்க தரையில நொண்டுறாங்க, தண்ணிக்குள்ள நிமிர்ந்து நடக்கிறாங்க. புருஷன், மாமியார் யார் குரலும் கேக்காத நேரம் அது ஒண்ணுதான். அதுக்குப் போய் விலை போடலாமா?”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. தான் நினைத்தது, தன்னைவிட அழகாக, அவள் வாயிலிருந்து!

எழுந்தாள்.

“உருக்கமா பேசிட்டா போதுமா? இலவசம்னு வர்றவங்க காசு கேட்டா வருவாங்களா? வரலைன்னா அவ்வளவு தேவையில்லைன்னுதானே அர்த்தம்? யாருக்கு ரொம்ப வேணுமோ அவங்க கூடக் கொடுத்து எடுத்துக்கட்டும். வர்ற வருமானத்துல தெருவிளக்கு போடலாம்.”

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பவில்லை. ஆனால் தெருவிளக்கு ஜெயித்தது. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனம் கெட்டதே என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் குளத்துப் பக்கம் போனாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே பெண்கள், நடுவே தங்கை. திட்டு வாங்கத் தயாராகப் போனவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்களுக்காகப் பேசினியே, அது போதும்டி” என்று ஒரு தையல்காரம்மா தங்கையின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தோற்றாலும் அவளைச் சுற்றித்தான் கூட்டம்!

தங்கை ஒதுங்கி வந்தாள். “அக்கா, நீ நம்பித்தான் அப்படிப் பேசினியா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்?”

“உனக்குத் தட்டினாங்கல்ல.”

தங்கை கேட்டருகே நின்ற பெண்களைக் காட்டினாள். “என் மேல கோவம்னா என்னை அடி. இவங்க என்ன பண்ணினாங்க?”

அடுத்த கூட்டத்தில் அக்காவே எழுந்து நின்றாள். “போன தடவை நான் பேசினது தப்பு. கையில காசில்லாதவங்களுக்குத் தேவையும் இல்லைன்னு சொல்லிட்டேன். அந்தக் கம்பெனிக்கு மத்தியானத்தைக் குடுங்க. சாயங்காலம் இவங்களோடதாவே இருக்கட்டும்.” நிறுவனம் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டது.

வெளியே பெண்கள் தங்கையைக் கட்டிக்கொண்டார்கள். “உங்க அக்காவையே மாத்திட்டியே, கெட்டிக்காரி!”

அக்காவுக்கு மறுபடியும் எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.