பத்துக் கண்கள்

மாமனார் பிளாஸ்டிக் பையைச் சாப்பாட்டு மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார். முப்பத்தொரு வெள்ளை வில்லைகள், எண் போட்டவை, என் தட்டைச் சுற்றி உருண்டன; ஒன்று ரசத்தில் விழுந்தது.

"எவனோ மனசாட்சி இல்லாதவன், மாப்ள. லாட நண்டு ஓட்டுல ஓட்டை போட்டு இதைச் சொருகியிருக்கான். வலையில வந்ததுக்கெல்லாம் கழட்டிட்டு, நீங்க சொன்ன மாதிரியே வாலைப் பிடிக்காம தண்ணியில விட்டுட்டேன்."

அந்த எவனோ நான்தான்.

வலையைக் கிழிக்கிற சனியன் என்று நண்டுகளைத் துடுப்பால் நொறுக்கிக்கொண்டிருந்த மனுஷர் அவர். நாற்பது கோடி வருஷத்து ஜீவன் மாமா, பத்துக் கண் மாமா என்று இரண்டு வருஷம் பிரசங்கம் செய்தேன். துளை போடும் சமாச்சாரத்தை மட்டும் சொல்லவில்லை. நல்லவன் என்ற பெயர் வாழ்க்கையில் அப்போதுதான் முதல்முறையாகக் கிடைத்திருந்தது.

வில்லை போட்ட ஒரு நண்டாவது முட்டையிட இதே கரைக்குத் திரும்பியது என்று, நண்டு ஆராய்ச்சி செய்யும் நான் அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரை முழுக்கக் கருங்கல் கொட்டிக் கடலரிப்புத் தடுப்புச் சுவர் எழுப்பிவிடுவார்கள். முழங்கால் சேற்றில் இரண்டு மாதம் தேடியும் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. படாததன் காரணம் இப்போது ரசத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"எந்தெந்த தேதியில மாமா கிடைச்சுது?"

"புண்ணியத்துக்கு யாராவது தேதி குறிச்சு வைப்பாங்களா?"

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அப்பா, அந்த மனசாட்சி இல்லாதவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?"

மாமனார் என்னைப் பார்த்தார். வில்லைகளைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

தேதி இல்லாத வில்லை வெறும் பொத்தான்தான் என்றார் சுவர் வேலையைக் கவனிக்கும் அதிகாரி. கெஞ்சியதில் ஒரு பருவம் கூடுதலாகக் கிடைத்தது. கரையோரம் கல் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. நான் துளைக் கருவியோடு சேற்றில் குந்தினேன். பக்கத்தில் மாமனார், கூப்பிடாமலேயே வந்திருந்தார்.

"வலிக்காதுன்னு சத்தியமா சொல்லுங்க மாப்ள."

"ஓட்டோட ஓரம் மாமா. நகம் வெட்டுற மாதிரி."

"உங்களுக்கு நகம் வெட்டுனா என் பொண்ணுகிட்ட எப்படிக் கத்துவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் நண்டை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பெரிய கண்கள் இரண்டையும் உள்ளங்கைகளால் பொத்தினார்.

"ம். போடுங்க."

மீதி எட்டுக் கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.