பதினாறு பவுண்டும் கரிமேடும்

நான் பல் டாக்டர். பிட்கார்வி ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்தவன். என் நாற்காலியில் படுத்திருக்கும்போது யாரும் என்னை எதிர்த்துப் பேச முடியாது; வாயில் பஞ்சு இருக்கும். அப்படி இருபது வருடம் மறுபேச்சே கேட்காமல் பேசிப் பழகியவன், ஊரே வாயைத் திறந்து கத்துகிற ஓர் இடத்துக்குத் தலைவனாகப் போயிருக்கக் கூடாது.

நானாக ஆசைப்பட்டும் போகவில்லை. பிட்கார்வி ரோவர்ஸ் கால்பந்துக் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில், ஆண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்வதற்காகக் கையைத் தூக்கினேன். அடுத்த தலைவராக வர யாருக்காவது விருப்பம் உண்டா என்று பழைய தலைவர் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. பழைய தலைவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே போய்விட்டார்.

ரோவர்ஸ் ஸ்காட்லாந்தின் நான்காவது அடுக்கில் ஆடுகிறது. அதற்குக் கீழேயும் அடுக்கு உண்டு; அதைப் பற்றி எங்கள் ஊரில் சாப்பிடும்போது பேசமாட்டார்கள். எங்கள் கோல்கீப்பர் பகலில் தபால்காரர். எங்கள் முன்கள வீரர் கூரை வேலை செய்பவர். மழை பெய்தால் பயிற்சிக்கு வருவார், வெயில் அடித்தால் வரமாட்டார். எங்கள் ஊர் வானிலைக்கு அது பரவாயில்லை.

கிளப்பின் வரவு செலவைப் பார்ப்பவர் இஷ்பெல் டல்லக், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல செய்தியைக்கூடத் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் சொல்வார். அந்த இலையுதிர் காலத்தில் அவரிடம் நல்ல செய்தியும் இல்லை.

"டாக்டர், ஜனவரி தாண்டாது."

"எது?"

"கிளப்தான்."

விளக்குக் கம்பங்களுக்கான மின்கட்டணம், வெளியூர் ஆட்டங்களுக்குப் பஸ் வாடகை, காப்பீடு எல்லாம் ஏறியிருந்தன. பார்வையாளர் கூரையில் ஓட்டை வேறு. டிக்கெட் மட்டும் அதே பன்னிரண்டு பவுண்டு. நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது எனக்கு நானே செய்துகொள்ளும் மரியாதை. பெருக்கினேன், அவ்வளவுதான். வழக்கமாக வரும் முந்நூறு பேரும் ஆளுக்கு நாலு பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால் கிளப் பிழைத்துவிடும் என்று வந்தது.

"டிக்கெட்டைப் பதினாறாக்கிடலாம்" என்றேன்.

இஷ்பெல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வந்தவங்க எல்லாரும் திரும்ப வருவாங்கன்னு நெனைக்கிறீங்களா?"

"பிட்கார்வியில சனிக்கிழமை மத்தியானம் வேற எங்க போவாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் மைதானத்து மதிலுக்கு வெளியே, நாலு மாடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில் மண்ணையும் கல்லையும் கொட்டிக் குவித்த கரிமேடு அது. பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிறேன். பெருக்கல் கணக்குக்கு மேடு ஏறத் தெரியாது; ஜனங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

விலை ஏறிய பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் விசித்திரமான ஒன்று நடந்தது. கூட்டத்தின் சத்தம் கேட்டது, கூட்டத்தைக் காணோம். எனக்குப் பக்கத்தில் இஷ்பெல். கீழே ஆட்டக்காரர்களின் மனைவிமார் சிலர். கோல்கீப்பருடைய அம்மா. ஆனால் நடுவர் விசில் ஊதும்போதெல்லாம் வானத்திலிருந்து வசவு இறங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். மேட்டின் முகடு முழுக்க ரோவர்ஸின் மஞ்சள் நிறக் கழுத்துத் துண்டுகள். மடக்கு நாற்காலி போட்டுச் சிலர், கம்பளம் விரித்துச் சிலர். சரிவில் நாலு பேர் ஒரு தள்ளுவண்டியை மூச்சிரைக்க மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கட்டுமான வேலையில் சிமெண்டு அள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டி. அதற்குள் போர்வை போர்த்தி, மடியில் பிளாஸ்க் வைத்துக்கொண்டு, மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தார் எபி.

எபனேசர் டிரைஸ்டேல், சுரங்கம் மூடுகிற வரைக்கும் அதில் வேலை பார்த்தவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ரோவர்ஸ் ஆட்டக்காரர்களை விதவிதமாகத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய இடத்துக்கு முன்வரிசையில் உட்கார மற்றவர்கள் போட்டி போடுவார்கள். திட்டு சுடச்சுடக் காதில் விழும் என்பதற்காக.

இடைவேளையில் நானே மேடு ஏறினேன். பேசிப் புரியவைத்துவிடலாம் என்று நம்பினேன். உச்சியை அடைந்தபோது பேச மூச்சு இல்லை. அங்கே நெட்டா கில்ஃபில்லன் நின்றாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், மைதானத்துக்குள் மட்டன் பையும் (மாவுக்குள் கறி அடைத்துச் சுட்டது) டீயும் விற்கிற கடைக்காரி. அடுப்போடு இங்கே வந்திருந்தாள்.

"நெட்டா! நீயுமா?"

"ஏன்டா, நான் பையை உன் காலி நாற்காலிக்கா விக்கிறது? ஜனம் எங்கயோ அங்கதான் கடை. மொதல்ல உக்காரு, செத்துகித்துப் போயிடாத. இந்தா, டீ குடி."

தள்ளுவண்டியிலிருந்து எபியின் குரல் வந்தது. "வாங்க டாக்டர் தம்பி! நல்ல எடமாப் பாத்து உக்காருங்க. இங்க டிக்கெட் கெடையாது."

"இது நியாயமா எபி அண்ணே? கிளப்புக்குப் பணம் வேணும்ல?"

"வேணும்தான். யாரு இல்லைன்னா? ஆனா பதினாறு பவுண்டு குடுத்து நம்ம தடுப்பாட்டக்காரனப் பாக்கச் சொல்றீங்களே, அதுக்கு நீங்க மயக்க மருந்தாச்சும் குடுக்கணும்."

மேடே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. தலைவர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"அப்புறம் இன்னொண்ணு தம்பி. இந்த மேட்டுல பாதி நான் வெட்டிப் போட்டது. சொந்த எடத்துல உக்காந்து பாக்குறதுக்கு எவனும் காசு கேக்க முடியாது."

அன்றே விலையைக் குறைத்திருக்கலாம். புத்தியுள்ளவன் குறைத்திருப்பான். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. மூன்று கூட்டம் போட்டு, இஷ்பெல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, மேடு இருக்கிற பக்கத்தில் உயரமான கம்பங்கள் நட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் பிரம்மாண்டமான பச்சைத் தார்ப்பாயைத் தொங்கவிட்டேன். அதற்கான செலவைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கூரை ஓட்டையை அடைத்திருக்கலாம். அவ்வளவு சொன்னால் போதும்.

அடுத்த உள்ளூர் ஆட்டம் கிரேக்டன் அணியோடு. அவர்கள் புள்ளிப் பட்டியலில் முதலிடம். நாங்கள் எங்கே இருந்தோம் என்பதற்குப் பட்டியலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். மேட்டில் கூட்டம் இருந்தது, ஆனால் தார்ப்பாய் அவர்களுக்கு மைதானத்தை மறைத்துவிட்டது. நான் கோட்டுப் பையில் கைவிட்டபடி, நெப்போலியன் மாதிரி அங்குமிங்கும் நடந்தேன்.

மேலிருந்து எபி கத்தினார். "டாக்டரே! இத்தன நாளா பல்லப் புடுங்குனீங்க. இப்பக் கண்ணையும் புடுங்குறீங்களா?"

அன்றைக்குப் பார்த்து ரோவர்ஸ் ஆடினார்கள். கூரைக்காரர் தலையால் முட்டி ஒரு கோல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அந்த வருடம் நாங்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தது அதுதான் முதல் தடவை. மேட்டில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. "என்னாச்சு? யாரு போட்டா?" என்று அலறினார்கள். கோல்கீப்பருடைய அம்மா மதிலோரம் நின்று பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தார்.

அப்போது கடல் பக்கமிருந்து காற்று வந்தது.

எங்கள் ஊரில் காற்று வருவது புதிதல்ல. ஊருக்கே தெரிந்த காற்றைத் தார்ப்பாய் கட்டும்போது மறந்தவன் நான் ஒருவன்தான். தார்ப்பாய் கப்பல் பாய் போல உப்பியது. கயிறுகள் ஒவ்வொன்றாகப் பட்டுப் பட்டென்று அறுந்தன. இரண்டு கம்பங்கள் வேரோடு கிளம்பி வந்தன. தார்ப்பாய் மெதுவாக, கல்யாணப் பெண்ணின் முகத்திரை போல, கிரேக்டன் கோல்கீப்பர் மேல் இறங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கம்பம் கோலின் குறுக்குச் சட்டத்தில் விழுந்து அதை இரண்டாக முறித்தது.

நடுவர் என்னிடம் வந்தார். "மாத்து கோல் போஸ்ட் இருக்கா?"

இருந்தது. செலவைக் குறைக்கிறேன் என்று போன கோடையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விற்றது நான்தான்.

ஆட்டம் கைவிடப்பட்டது. இரண்டு கோலும் காற்றோடு போயின. மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். தார்ப்பாய் விலகியதால் மேட்டில் இருந்தவர்களுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முக்கியமாக நான். பதற்றத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இன்னிக்கு இந்த ஆட்டத்தப் பாக்க வந்த எல்லாருக்கும் மறு ஆட்டம் இலவசம்!" என்றேன். டிக்கெட் வாங்கிய சிலரை நினைத்துத்தான் சொன்னேன். மேட்டிலிருந்து எழுந்த ஆரவாரத்தைக் கேட்டபோதுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது.

இஷ்பெல் ஒலிபெருக்கியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "இத இனிமே நான் வெச்சுக்கிறேன் டாக்டர்."

அன்று வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை. உடைந்த சட்டத்தின் பக்கத்தில் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். நூறு வருடத்துக்கு மேலாக எத்தனையோ தலைவர்கள் முட்டி மோதிக் காப்பாற்றி வைத்த கிளப்பை ஒரு பல் டாக்டர் ஒரு பருவத்தில் முடித்துவிட்டான் என்று மனதில் ஓடியது. மேட்டிலிருந்து இறங்கியவர்கள் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று எழுந்து நின்றேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய்த் தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். கம்பம் இடித்துச் சரிந்த மதிலில் கல்லை எடுத்து அடுக்கினார்கள். கூரைக்காரர் ஆட்டச் சட்டையோடேயே ஆணி அடித்தார். போகும்போது நெட்டா மட்டும் ஒரு மட்டன் பையை என் கையில் வைத்தாள்.

"ஆறிடுச்சு. அதான் சும்மா தரேன்."

மறு ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இந்த ஆள் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று பார்க்கவே ஊர் திரண்டிருந்தது. வாசலில் நானே நின்றேன். "அன்னிக்கு நீங்க இருந்தீங்களா?" என்று கேட்டால், எல்லாரும் மேட்டில் இருந்தவர்கள்தான். அந்த நேரத்தில் தேவாலயத்தில் கல்யாணம் நடத்திவைத்த பாதிரியார் மேட்டில் இருந்தாராம். மாப்பிள்ளையும் இருந்தாராம்.

எபியின் தள்ளுவண்டி வந்து நின்றது. அவர் போர்வைக்குள்ளிருந்து பணத்தை எடுத்தார். பன்னிரண்டு பவுண்டு.

"எபி அண்ணே, உங்களுக்கு இலவசம். நீங்க நெசமாவே மேட்டுல இருந்தீங்க."

"பிடிங்க தம்பி. பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு பென்னி கெடையாது."

"எதுக்கு?"

"ஓசியில பாத்தா வாய் நிறையத் திட்ட முடியல. இத்தன வாரமா அங்க உக்காந்து கத்துறேன், மனசு ஒட்டவே இல்ல. காசு குடுத்தவன் திட்டுனாத்தான் அது திட்டு."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பர்ஸை எடுத்தார். மாப்பிள்ளை இரண்டு டிக்கெட் வாங்கினார். எல்லாரும் வாங்கினார்கள் என்று சொன்னால் பொய். இலவசமாக உள்ளே போனவர்களும் நிறைய உண்டு. ஆனால் வாங்கியவர்கள் அதிகம்.

மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஆட்டம் முழுக்க எபி திட்டினார். ஆட்டக்காரர்களில் தொடங்கி, நடுவருக்குப் போய், பிற்பாதி முழுவதையும் எனக்கென்று ஒதுக்கினார். என் தொழில், என் நடை, நான் கட்டியிருந்த டை எதையும் விடவில்லை. முன்வரிசைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஏனோ கண் கலங்கியது. மூக்கைத் துடைப்பது போல் கைக்குட்டையை எடுத்தேன்.

"அழாதீங்க டாக்டர்!" என்றார் எபி. "இன்னும் பத்து நிமிசம் பாக்கி இருக்கு!"

டிக்கெட்டை மறுபடி பன்னிரண்டாக்கினோம். நெட்டா தன் மட்டன் பைக்கு ஒரு பவுண்டு ஏற்றி, அதைக் கிளப்புக்கே கொடுத்தாள். நாலு பவுண்டுக்கு மலை ஏறிய ஊர், இந்த ஒரு பவுண்டைப் பற்றி முணுமுணுக்கக்கூட இல்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பணத்திலும் கூரைக்காரரின் இலவச உழைப்பிலும் ஓட்டை அடைபட்டது. ஜனவரி வந்தது, போனது. கிளப் போகவில்லை, வசதியாகவும் இல்லை.

தார்ப்பாயை ஒரு ஸ்ட்ராபெர்ரி பண்ணைக்காரர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இஷ்பெல் கணக்கு வாசிக்கும்போது, அதே துக்கக் குரலில், "இந்த வருஷம் நம்ம கிளப் நல்ல வெலைக்கு வித்த ஒரே தடுப்பாட்டக்காரர் இதுதான்" என்றார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் சொன்ன முதல் ஜோக் அது. சபை சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது.

கூட்டம் என்னையே மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பாசத்தால் என்று எண்ணிப் பூரித்துப்போனேன். வெளியே வரும்போது நெட்டாதான் விளக்கினாள்.

"வேற எவன்டா வருவான், இந்த வேலைக்கு?"