வாரத்துக்கு இரண்டு பேர்

குடியேறிகளைப் பிடித்து வைத்திருக்கும் முகாமில் ஒருவரை வாரத்துக்கு இரண்டு பேர்தான் பார்க்கலாம். திங்களில் தொடங்கி ஞாயிறோடு வாரம் முடியும். இந்த விதியைப் போட்டவன் கட்டையில் போக! ஆனால் அவனை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

உள்ளே இருப்பவர்களை எட்டிப்பார்க்க நாதியில்லை என்று கேள்விப்பட்டு எங்கள் தேவாலயம், பக்கத்துப் பள்ளிவாசல், அடுத்த தெருக் கோயில் மூன்றும் கூடிப் பேசினோம். யார் யாரை என்றைக்குப் பார்ப்பது என்று முறை போட்டது நான். தையல்காரன் இல்லையா, அளவு பிசகாது என்று எனக்கு ஒரு கர்வம். ஒரு இடம்கூட வீணாகாமல் நிரப்பினேன். பாதிரியார் முதுகில் தட்டிக்கொடுத்தார். குடும்பத்தார் யாராவது வருவார்களா என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே இருந்தவர்களில் ஒருவர் கொத்தனார். அந்த வாரம் அவரைச் செவ்வாயன்று பள்ளிவாசல் இமாம் பார்த்தார், வியாழனன்று நான். கொத்தனார் பிடிபட்டபோது அவர் மனைவி மாசமாக இருந்தாள். பிள்ளை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவர் இன்னும் அதன் முகம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேருந்து மாறி வந்துவிட்டாள். இந்த வாரத்துக்கு இரண்டு பேர் பார்த்தாயிற்று, திங்கள் வா என்றார் வாசல் காவலர். செய்தி தெரிந்து ஓடினேன். என் முறையை அடித்துவிட்டு இவளை விடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பார்த்ததைப் பார்க்காததாக்க முடியாது என்றார் அவர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அவளை எங்கள் ஆலயத்தின் பின்னறையில் தங்கவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று கூட்டமும் ஒன்றாக மதிலுக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டோம். எந்த அறை என்று தெரியாததால் அவள் ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேராகப் போய் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

திங்கள் காலை வரிசையில் முதல் ஆளாக நின்றோம். ஞாயிறு காலையிலேயே அவரை விமானம் ஏற்றிவிட்டார்களாம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைக்குத் துணியைச் சுற்றியபடி கேட்டாள்.

"அண்ணே, நீங்கதானே அவரைக் கடைசியா பாத்தது. என்ன பேசுனாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அந்த வியாழனன்று எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். மூன்று மதமும் கைகோத்த கதை, யார் யார் அவருக்காக வேண்டுகிறார்கள், கர்த்தர் கைவிடமாட்டார் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"புள்ள யாரு ஜாடைன்னு கேட்டாரும்மா."

"வேற?"

"வேற எதுவும் பேச நான் விடலம்மா."